ஆங்கில மரபுத்தொடர்கள்: கேட்டுப் புரிந்துகொள்ளவும் பேச்சில் கையாளவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு மரபுத்தொடர்ப் (இடியம்) பட்டியல்களுக்குப் பஞ்சமே இல்லை. நூறு இடியம், ஐந்நூறு இடியம் என்று எங்கும் கிடைக்கின்றன. பலர் அவற்றை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். அப்புறம் நடப்பது இரண்டில் ஒன்று. பேசும்போது ஒன்றுகூட வாயில் வருவதில்லை. அல்லது வந்த ஒன்று அந்த இடத்துக்குப் பொருந்தாமல் போய், கேட்டவர் ஒரு நொடி விழிக்கிறார். குறை மனப்பாடத்தில் இல்லை. கேட்டால் புரிய வேண்டிய தொடர்களும், நாமே சொல்ல வேண்டிய தொடர்களும் ஒரே பட்டியலில் கலந்து கிடப்பதுதான் சிக்கல். முதல் வகை நூற்றுக்கணக்கில் இருக்கலாம். இரண்டாவது வகையில் இருபது முப்பது கைவசம் இருந்தாலே தாராளம். தொடக்கத்திலேயே இரண்டு நோட்டுகள் போடுங்கள், அல்லது ஒரே நோட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒன்று கேட்க, ஒன்று பேச. கீழே வரும் ஒவ்வொரு படியும் எந்தத் தொடர் எந்தப் பக்கத்துக்குப் போகும் என்று முடிவுசெய்ய உதவும்.

படி 1: மரபுத்தொடரை இனம் காணுங்கள்

ஒரு வாக்கியத்தில் எல்லாச் சொல்லும் தெரிந்தவை, ஆனால் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சூழலுக்குப் பொருளே வரவில்லை என்றால், அங்கே ஒரு மரபுத்தொடர் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். நீண்ட கூட்டத்தின் முடிவில் ஒருவர் 'லெட்ஸ் கால் இட் எ டே' என்கிறார். ஒவ்வொரு சொல்லும் சின்னக் குழந்தைக்கும் தெரிந்தது. சொல் சொல்லாகப் பிரித்தால் ஒன்றும் விளங்காது. இன்றைக்கு இதோடு போதும், முடித்துக்கொள்வோம் என்பதுதான் பொருள்.

எல்லாத் தொடரும் ஒரே அளவுக்கு மூடியிருப்பதில்லை. 'ப்ளே வித் ஃபயர்' கேட்டவுடனே புரியும், ஏனென்றால் நாமும் நெருப்போடு விளையாடாதே என்கிறோம். 'ஸ்பில் தி பீன்ஸ்' என்றால் ரகசியத்தை வெளியே விட்டுவிடுவது. பீன்ஸ்தான் ரகசியம், கொட்டுவதுதான் உளறுவது என்று ஒருமுறை தெரிந்தால் படம் பிடிபட்டுவிடும். 'கிக் தி பக்கெட்' என்றால் செத்துப்போவது. வாளியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதில் சாவு தெரியாது. இந்த மூன்றாவது வகையை மட்டும் அப்படியே நினைவில் வைக்க வேண்டும். மற்ற இரண்டையும் சூழலை வைத்து ஊகிக்கப் பழகலாம், அந்தப் பழக்கம்தான் நீண்ட நாள் கைகொடுக்கும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, பட்டியல்கள் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதில்லை. 'மேக் அப் யுவர் மைண்ட்' (ஒரு முடிவுக்கு வா), 'ஆன் செகண்ட் தாட்ஸ்' (மறுபடி யோசித்துப் பார்த்தால்), 'இன் தி லாங் ரன்' (போகப் போக), 'இட் ஸ்லிப்ட் மை மைண்ட்' (மறந்தே போச்சு). பூனையும் நாயும் வாளியும் இல்லாததால் இவை மரபுத்தொடர் என்றே நமக்குத் தோன்றுவதில்லை. அன்றாடப் பேச்சில் எந்நேரமும் காதில் விழுவது இவைதான். என்னைக் கேட்டால், பேசும் நோட்டின் முதல் பக்கத்தை இவற்றைக் கொண்டே நிரப்ப வேண்டும். இவை யாரிடமும் எங்கும் செல்லும், தவறாகப் போகும் வாய்ப்பும் குறைவு.

படி 2: தமிழில் இணை தேடுங்கள், பிறகு உரசிப் பாருங்கள்

தாய்மொழியில் இணையான தொடர் இருந்தால் ஆங்கிலத் தொடர் சட்டென்று மனத்தில் ஒட்டிக்கொள்ளும். சில இணைகள் வியக்கும் அளவுக்குப் பொருந்துகின்றன. 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப் இட்' என்பது நம் கைகழுவுதல்தான். 'க்ராகடைல் டியர்ஸ்' முதலைக் கண்ணீர். 'ஆட் ஃப்யூவல் டு தி ஃபயர்' எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது. 'டர்ன் எ ப்ளைண்ட் ஐ' கண்டும் காணாததுபோல் இருப்பது. 'கில் டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்' ஒரே கல்லில் இரண்டு மாங்காய், அங்கே பறவை, இங்கே காய். இவற்றைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

ஆபத்து, பாதி பொருந்துகிற தொடர்களில் இருக்கிறது. 'சிட் ஆன் தி ஃபென்ஸ்' என்றதும் மதில்மேல் பூனை நினைவுக்கு வரும். மதில்மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். வேலிமேல் உட்கார்ந்திருக்கும் ஆங்கிலேயரோ வேண்டுமென்றே எந்தப் பக்கமும் சேராமல் நழுவுகிறார். அந்தத் தொடரில் கண்டனத்தின் வாடை உண்டு. தேர்தல் முடிவு எப்படி வரும் என்று தெரியவில்லை என்ற பொருளில் அதைச் சொல்ல முடியாது.

'ஹிட் தி நெய்ல் ஆன் தி ஹெட்' இன்னொரு உதாரணம். ஆணி என்றதும் ஆணித்தரமாகப் பேசுவது என்று நினைத்துவிடுகிறோம். ஆணித்தரம் உறுதியைச் சொல்கிறது. ஆங்கிலத் தொடர் துல்லியத்தைச் சொல்கிறது: பிரச்சினை எங்கே இருக்கிறது என்று சரியாகச் சுட்டிக்காட்டுவது. ஒருவர் மெல்லிய குரலில், தயங்கித் தயங்கிச் சரியான காரணத்தைச் சொன்னாலும் 'யூ ஹிட் தி நெய்ல் ஆன் தி ஹெட்' என்று பாராட்டலாம்.

முழுக்கத் தடம் புரள வைப்பவையும் உண்டு. 'ஆர் யூ புல்லிங் மை லெக்?' என்று யாராவது கேட்டால், காலை வாரிவிடுகிறாயா என்று கேட்கவில்லை. காலை வாருவது நமக்குத் துரோகம். அவர்களுக்கு அது வெறும் விளையாட்டு: பொய்யான ஒன்றை உண்மைபோல் சொல்லிச் சீண்டுவது. நண்பர் சிரித்துக்கொண்டே கேட்ட கேள்விக்கு நாம் முகம் சிவந்து பதில் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. நம்பியவர் கைவிட்டுவிட்டார் என்று சொல்ல வேண்டுமானால் 'ஹி லெட் மீ டவுன்' போதும்.

பொருள் ஒன்றாக இருந்தும் தொனி எதிராக இருப்பதும் நடக்கும். ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்து நின்றால் நாம் "உங்களுக்கு நூறு ஆயுசு" என்கிறோம். அது வாழ்த்து. ஆங்கிலத்தில் அதே தருணத்துக்கு 'ஸ்பீக் ஆஃப் தி டெவில்', அதாவது பேயைப் பற்றிப் பேசினால் பேயே வருகிறது. நண்பர்களுக்குள் இது சாதாரணம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் வாரம் வேலைக்குச் சேர்ந்தவர் மேலதிகாரியைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். 'வீ வேர் ஜஸ்ட் டாக்கிங் அபௌட் யூ' என்பது யாருக்கும் பொருந்தும்.

எதிர்த் திசையிலும் கவனம் வேண்டும். தலையைத் தின்னாதே, தலைகீழாக நின்றாலும் நடக்காது போன்ற நம் தொடர்களைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் கேட்பவர் திகைப்பார். முதலாவதற்குக் 'கெட் ஆஃப் மை பேக்' இருக்கிறது, எரிச்சலோடு சொல்வது. இரண்டாவதற்கு 'நாட் இன் எ மில்லியன் இயர்ஸ்'. நெருங்கிய இணை கிடைக்காவிட்டால் வெறும் வாக்கியமாகச் சொல்லிவிடுவது நல்லது.

படி 3: பேசும் நோட்டைச் சூழல் வாரியாக நிரப்புங்கள்

அகர வரிசையில் படிப்பதால் பயனில்லை. நீங்கள் உண்மையில் ஆங்கிலம் பேசுகிற இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து தொடர் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையிடத்தில் மிகவும் உதவுவது 'ஆன் தி சேம் பேஜ்'. இருவருக்கும் ஒரே புரிதல் இருக்கிறது என்பது பொருள். 'ஜஸ்ட் டு மேக் ஷ்யூர் வீ ஆர் ஆன் தி சேம் பேஜ்' என்று தொடங்கி, பேசியதைச் சுருக்கிச் சொன்னால் கூட்டம் தெளிவாக முடியும். 'பால்பார்க் ஃபிகர்' என்பது தோராயமான தொகை அல்லது எண்ணிக்கை. 'கேன் யூ கிவ் மீ எ பால்பார்க் ஃபிகர்?' என்று கேட்டவர் பைசா சுத்தமான கணக்கை எதிர்பார்க்கவில்லை, சுமாராகச் சொன்னால் போதும். 'கீப் மீ போஸ்டட்' என்றால் அவ்வப்போது நிலவரம் சொல்லுங்கள். 'தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்' டென்னிஸிலிருந்து வந்தது: என் பங்கை முடித்துவிட்டேன், அடுத்தது உங்கள் முடிவு. இதில் லேசான அழுத்தம் இருப்பதால் வாடிக்கையாளரிடமோ மேலதிகாரியிடமோ சொல்லும் முன் யோசிக்க வேண்டும்.

'கட் கார்னர்ஸ்' பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இதைக் குறுக்கு வழி என்று படித்துவிட்டு, 'ஐ கட் கார்னர்ஸ் டு ஃபினிஷ் எர்லி' என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. நேரத்தையோ செலவையோ மிச்சம் பிடிக்க வேலையின் தரத்தில் கைவைப்பதுதான் அதன் பொருள். அது குற்றச்சாட்டு. வேலை நேர்காணலில் இப்படிச் சொன்னால், நான் அரைகுறையாக வேலை செய்பவன் என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். வேகமாக முடித்ததைச் சொல்ல 'ஐ ஃபௌண்ட் எ ஃபாஸ்டர் வே' என்றால் போதும்.

முடிவெடுக்கும் தருணங்களுக்கு: 'லெட் மீ ஸ்லீப் ஆன் இட்' என்றால் ஒரு ராத்திரி யோசித்து நாளைக்குச் சொல்கிறேன். நாசூக்காக அவகாசம் கேட்க இதைவிட நல்ல தொடர் இல்லை. 'ப்ளே இட் பை இயர்' இசையிலிருந்து வந்தது. இசைக்குறிப்பைப் பார்க்காமல் காதால் கேட்டே வாசிப்பதைப்போல, முன்கூட்டித் திட்டமிடாமல் நேரத்துக்கு ஏற்றபடி செய்வது. 'கோல்ட் ஃபீட்' கடைசி நேரத் தயக்கம்: ஒத்துக்கொண்ட பிறகு, நாள் நெருங்கும்போது வரும் பயம். பொதுவான பயத்துக்கு இதைச் சொல்வதில்லை. 'பைட் தி புல்லட்' என்றால் தவிர்க்க முடியாத கசப்பான ஒன்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடுவது. பல்லைக் கடிப்பது இரண்டு மொழியிலும் இருப்பது நல்ல வசதி.

புதியவர்களோடு பேசத் தொடங்கும் இறுக்கத்தைக் கலைப்பது 'ப்ரேக் தி ஐஸ்'. சண்டை போட்டுப் பேசாமல் இருந்தவர்கள் மறுபடி சேர்வதற்கு இதைச் சொல்லக் கூடாது, அதற்குப் 'பரி தி ஹேச்செட்' இருக்கிறது. போரை நிறுத்தும்போது கைக்கோடரியைப் புதைத்த வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் வழக்கத்திலிருந்து வந்த தொடர் அது. ஏதோ ஒரு பெயரைக் கேட்டு, எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதே என்று தோன்றினால் 'தட் ரிங்ஸ் எ பெல்'. கதையைச் சுருக்க 'லாங் ஸ்டோரி ஷார்ட்'.

உடல்நலத்துக்கு 'அண்டர் தி வெதர்'. சளி, தலைவலி, லேசான காய்ச்சல், இந்த அளவுக்குத்தான். பெரிய நோயோடு போராடுகிறவரைப் பற்றி இப்படிச் சொன்னால் அவர் வேதனையைச் சிறுமைப்படுத்துவதாகும்.

படி 4: உறைந்த பகுதியையும் அசையும் பகுதியையும் பிரித்துப் படியுங்கள்

மரபுத்தொடருக்குள் சொல்லை மாற்ற முடியாது. 'கிக் தி பக்கெட்' என்பதில் பக்கெட்டை எடுத்துவிட்டுப் 'பெய்ல்' போட்டால் சாவு மறைந்து வெறும் வாளிதான் மிஞ்சும். 'எ பீஸ் ஆஃப் கேக்' என்றால் மிக எளிது, 'தி பீஸ் ஆஃப் கேக்' என்றால் உண்மையான கேக் துண்டு. 'கோல்ட் ஃபீட்' எப்போதும் பன்மை. 'புல் மை லெக்' எப்போதும் ஒருமை, இரண்டு காலையும் யாரும் இழுப்பதில்லை.

வினைச்சொல் மட்டும் காலத்துக்கு ஏற்ப மாறும்: ஸ்பில் ஸ்பில்ட் ஆகும், கெட் காட் ஆகும். செயப்பாட்டு வினை சிலவற்றுக்கு ஒத்துப்போகும், சிலவற்றுக்கு ஒத்துப்போகாது. 'தி பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' சரி. 'தி பக்கெட் வாஸ் கிக்ட்' என்றால் யாரோ வாளியை உதைத்தார்கள், அவ்வளவுதான். படி 1-ல் சொன்னதைத் திரும்பிப் பாருங்கள்: உருவகத்தின் பாகங்களுக்குத் தனித்தனிப் பொருள் இருந்தால் தொடர் ஓரளவு வளைகிறது, இல்லாவிட்டால் இறுகி நிற்கிறது.

அகராதியில் பார்க்கும்போது ஒரு சின்ன வேறுபாட்டைக் கவனியுங்கள். 'சேஞ்ச் ஒன்ஸ் மைண்ட்' என்று 'ஒன்ஸ்' போட்டிருந்தால் அந்த இடத்தில் செய்பவரே வருவார்: ஐ சேஞ்ச்ட் மை மைண்ட், ஷி சேஞ்ச்ட் ஹெர் மைண்ட். 'புல் சம்ஒன்ஸ் லெக்' என்று 'சம்ஒன்ஸ்' போட்டிருந்தால் அங்கே இன்னொருவர் வருவார்: ஐ புல்ட் ஹிஸ் லெக். அகராதிகள் இதை ஒழுங்காகவே பின்பற்றுகின்றன. இது தெரியாமல்தான் பலர் 'ஐ'ம் புல்லிங் மை லெக்' என்று தன்னையே கேலி செய்துகொள்கிறார்கள்.

படி 5: யாரிடம், எந்த நேரத்தில் என்று பாருங்கள்

'கிக் தி பக்கெட்' 1785-ல் ஃபிரான்சிஸ் க்ரோஸ் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியிலேயே இடம்பெற்றுவிட்டது. அன்றைக்கே அது கொச்சைதான், இன்றைக்கும் மரியாதை கூடவில்லை. துக்கம் விசாரிக்கும்போது அதை வாயில் எடுக்கவே கூடாது. அங்கே 'பாஸ்ட் அவே' ஒன்றுதான். இதைக் கேட்கும் நோட்டில் மட்டும் வையுங்கள்.

வயதான தொடர்களும் இருக்கின்றன. 'இட்ஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' உலகம் முழுக்க ஆங்கிலப் பாடத்தில் முதலில் கற்றுத்தரப்படுகிறது. இன்று பெருமழையைப் பார்த்து மக்கள் இயல்பாகச் சொல்வது 'இட்ஸ் போரிங்' (pouring, ஊற்று ஊற்றென்று ஊற்றுகிறது). சலித்துப்போனவையும் உண்டு: 'திங்க் அவுட்சைட் தி பாக்ஸ்' (வழக்கத்தை விட்டுப் புதிதாக யோசி) ஒரு காலத்தில் புதிதாக ஒலித்தது, இப்போது அலுவலகக் கூட்டங்களில் அடிபட்டு அடிபட்டுத் தேய்ந்துவிட்டது.

எழுத்தில் இன்னும் கவனம். ஆராய்ச்சிக் கட்டுரை, புகார்க் கடிதம், ஒப்பந்தம் இவற்றில் வண்ணமயமான தொடர்கள் வேண்டாம். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில், பேச்சுப் பகுதியின் சொல்வளத்துக்கான மதிப்பீட்டு விளக்கத்தில் 7-ம் நிலையிலேயே மரபு சார்ந்த சொல்லாட்சி குறிப்பிடப்படுகிறது. அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு பதிலிலும் ஒரு பூனையையும் ஒரு யானையையும் நுழைப்பவர்கள் இருக்கிறார்கள். அதே வரியில் நடையையும் சொற்சேர்க்கையையும் பற்றிய உணர்வும் கேட்கப்படுகிறது. இயல்பாக வந்த ஒரு 'இன் தி லாங் ரன்', திணித்த ஐந்து தொடரைவிட மேல்.

படி 6: பிரிட்டனா, அமெரிக்காவா

இதில் அதிகம் மெனக்கெட வேண்டாம், ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டு கலக்காமல் இருந்தால் சரி. பிரிட்டனில் 'டச் வுட்', அமெரிக்காவில் 'நாக் ஆன் வுட்'. தேவைக்கு முன்னால் மிகச் சிறிய அளவைச் சொல்ல பிரிட்டனில் 'எ ட்ராப் இன் தி ஓஷன்', அமெரிக்காவில் 'எ ட்ராப் இன் தி பக்கெட்'. சங்கடமான ஒன்றை மூடிமறைப்பதற்குப் பிரிட்டனில் 'ஸ்வீப் அண்டர் தி கார்ப்பெட்', அமெரிக்காவில் 'ஸ்வீப் அண்டர் தி ரக்', இரண்டு கம்பளத்துக்கும் அடியில் தள்ளி மறைப்பது ஒரே குப்பைதான்.

ஒன்று மட்டும் உண்மையிலேயே ஆபத்தானது. கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு முன்வைப்பது, அமெரிக்காவில் விவாதத்தைத் தள்ளிவைப்பது. நேர் எதிர். இரு நாட்டவரும் இருக்கும் கூட்டத்தில் அந்தச் சொல்லையே தவிர்த்துவிடுங்கள்.

படி 7: பிறந்த இடத்தை வைத்து நினைவில் நிறுத்துங்கள்

ஒரு தொடர் எந்தத் துறையிலிருந்து வந்தது என்று தெரிந்தால் நினைவில் நிற்பது கூடுகிறது என்று ஃபிராங்க் போர்ஸ் போன்ற மொழிக் கற்பித்தல் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே துறை வாரியாகக் கொத்துக் கொத்தாகச் சேருங்கள். குத்துச்சண்டையிலிருந்து 'த்ரோ இன் தி டவல்' (தோல்வியை ஏற்பது), 'பிலோ தி பெல்ட்' (முறையற்ற தாக்குதல்), 'ஆன் தி ரோப்ஸ்' (விழும் நிலை), 'சேவ்ட் பை தி பெல்' (மயிரிழையில் தப்புவது). சீட்டாட்டத்திலிருந்து 'ஃபாலோ சூட்' (முன்னவர் செய்ததையே செய்வது), 'லே யுவர் கார்ட்ஸ் ஆன் தி டேபிள்' (மறைக்காமல் பேசுவது). பேஸ்பாலிலிருந்து மேலே பார்த்த 'பால்பார்க்', 'டச் பேஸ்' (சுருக்கமாகத் தொடர்புகொண்டு பேசுவது), எதிர்பாராத திசையிலிருந்து வந்ததைச் சொல்லும் 'அவுட் ஆஃப் லெஃப்ட் ஃபீல்ட்'. கிரிக்கெட்டிலிருந்து 'ஸ்டிக்கி விக்கெட்', சங்கடமான நிலை.

வரலாற்றுக் கதைகளும் உதவும். 1801-ல் கோபன்ஹேகன் கடற்போரில் பின்வாங்கச் சொல்லும் சமிக்ஞை வந்தபோது, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் தொலைநோக்கியைத் தன் பார்வையற்ற கண்ணில் வைத்து, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றதாகச் சொல்வார்கள். 'டர்ன் எ ப்ளைண்ட் ஐ' அதற்குப் பிறகு மறக்காது.

ஆனால் சுவாரசியமான கதையெல்லாம் உண்மையல்ல. 1999-ல் மின்னஞ்சலில் பரவிய ஒரு கட்டுரை, கூரையில் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்ததால்தான் 'கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' வந்தது என்றது. ஆதாரம் கிடையாது. 'சேவ்ட் பை தி பெல்' சவப்பெட்டியில் கட்டிய மணியிலிருந்து வந்தது என்பதும் அப்படித்தான், குத்துச்சண்டை மணிதான் மூலம். நினைவுக்காகக் கதையைப் பயன்படுத்துங்கள், மற்றவருக்குக் கற்பிக்கும் முன் நல்ல அகராதியில் சரிபாருங்கள்.

படி 8: சரிபார்த்து, சொல்லிப் பழகுங்கள்

பேசும் நோட்டுக்கு ஒரு தொடர் மாறும் முன் மூன்று சோதனை. முதலில் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மன் போன்ற கற்போர் அகராதி ஒன்றில் தேடி, பொருளோடு தரப்பட்டுள்ள குறிப்பைப் பாருங்கள்: 'இன்ஃபார்மல்', 'ஓல்ட் ஃபேஷன்ட்', 'ஹ்யூமரஸ்'. பலர் பொருளை மட்டும் படித்துவிட்டு இதைத் தாண்டிப் போகிறார்கள். ஆனால் யாரிடம் சொல்லலாம் என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. அடுத்து யூக்ளிஷ் தளத்தில் அந்தத் தொடரைத் தட்டினால், மக்கள் அதைச் சொல்லும் யூடியூப் காணொலித் துண்டுகள் வரிசையாக வரும். பத்துத் துண்டு கேட்டால் எங்கே அழுத்தம், என்ன முகபாவம் என்று விளங்கும். கடைசியாக, உங்கள் வாழ்க்கையில் உண்மையில் நடந்த ஒன்றை வைத்து ஒரு வாக்கியம் அமைத்து, உரக்கச் சொல்லிப் பாருங்கள். அகராதி வாக்கியத்தைப் படிப்பது இதற்கு ஈடாகாது.

வாரத்துக்கு இரண்டு மூன்று தொடருக்கு மேல் எடுக்க வேண்டாம். அந்த வாரத்தில் அவற்றை ஒருமுறையாவது மின்னஞ்சலிலோ பேச்சிலோ பயன்படுத்த இடம் தேடுங்கள். இடம் கிடைக்கவில்லையா, அந்தத் தொடர் உங்களுக்கு இப்போது தேவையில்லை, கேட்கும் நோட்டிலேயே இருக்கட்டும்.

பேச்சின் நடுவே தெரியாத தொடர் வந்தால் 'வாட் டு யூ மீன் பை தட்?' என்று கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'ஸ்டிக்கி விக்கெட்' என்றால் பல அமெரிக்கர்களும், 'அவுட் ஆஃப் லெஃப்ட் ஃபீல்ட்' என்றால் பேஸ்பால் பார்க்காத பலரும் இப்படித்தான் கேட்க வேண்டியிருக்கும். பல நாட்டவர் கலந்திருக்கும் கூட்டத்தில், யாருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்றால், நீங்கள் கற்ற தொடர்களை அன்றைக்கு வெளியே எடுக்காதீர்கள். 'பால்பார்க் ஃபிகர்' என்பதற்கு 'ரஃப் எஸ்டிமேட்' இருக்கிறது, 'டச் பேஸ்' என்பதற்கு 'டாக்' இருக்கிறது. அங்கே எல்லோருக்கும் புரிவது இவைதான்.